மலைமேல் உழைப்பு – 23: மாதம் ஐந்து ரூபாய்

1971ஆம் ஆண்டு நீலகிரியில் மூன்று தேயிலைத் தோட்டங்கள் தங்கள் பெண் தொழிலாளர்களுக்காகப் புதுவிதமான ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கின. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண் அதில் சேர்ந்தால், அவள் பெயரில் நிர்வாகம் மாதம் ஐந்து ரூபாய் கட்டும். அந்த மாதம் அவள் கர்ப்பமாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கர்ப்பம் தரித்தால் பணம் கட்டுவது நிற்கும். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் ஏற்கெனவே சேர்ந்த பணத்திலும் வெட்டு விழும். நடுவில் எடுத்துச் செலவழிக்க வழியில்லை. பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்த பிறகு, முதுமைக்கு ஆதாரமாக மொத்தமாகக் கைக்கு வரும்.

யோசனையை வகுத்தவர் ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். மலையில் அதை நடத்திக் காட்டியது உபாசி. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் 1893இல் தொடங்கி, குன்னூர் கிளென்வியூ மாளிகையில் தலைமையகம் வைத்திருக்கும் சங்கம் அது. அதன் மருத்துவ ஆலோசகர் டாக்டர் வி. ஐ. சாக்கோ இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தார்.

மனிதர்களை மலைமேல் ஏற்றியது எது, அங்கேயே இருத்தி வைத்தது எது என்பதைத்தான் இந்தத் தொடரில் ஆரம்பத்திலிருந்து பின்தொடர்ந்து வருகிறோம். நடுவட்டத்துச் சிங்கோனா தோட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கியதைப் பார்த்தோம். தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த மேஸ்திரி கொடுத்த முன்பணம் எப்படி ஒரு குடும்பத்தைத் தலைமுறைக் கடனில் கட்டிப்போட்டது என்று பார்த்தோம். ஒப்பந்தத்தை மீறிப் போன தொழிலாளியைக் குற்றவாளியாக்கிய 1903ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் பார்த்தோம். விலங்கு, கடன், சட்டம் என்று போன அந்த வரிசையில் 1971இல் ஓர் இளகிய கருவி வந்து சேர்கிறது. யாரையும் பிடித்து வைக்க வேண்டாம், மனத்துக்குள் இருக்கும் கணக்கை மாற்றினால் போதும் என்றது அது. உடம்பை விட்டுவிட்டு மனத்தைப் பிடிக்கும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, மலையை விட்டுச் சற்று இறங்கித்தான் ஆக வேண்டும்.

*

1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்புப் பாளங்களைச் சுமந்து ஏற்றியவரை 47 டன்னுக்கு மேல் ஏற்ற வைத்ததாகத் தம் புத்தகத்தில் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாம். அந்தத் தொழிலாளிக்கு ‘ஷ்மிட்’ என்று புனைபெயர் வைத்த டெய்லர், அவரை மாட்டோடு ஒப்பிட்டுப் பேசவும் தயங்கவில்லை. உழைப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மேலாண்மைப் பாடங்களில் இந்தக் கதை வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. எனக்கு அதில் வெற்றியின் பங்கீடுதான் முதலில் கண்ணில் படுகிறது.

டெய்லரின் கணக்கில் மனிதன் காசுக்காக அசைபவன். அது மட்டுமில்லை என்று காட்டியதாகப் பெயர் பெற்றது சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வு. 1927இல் தொலைபேசிக் கருவிக்கான ரிலே பூட்டும் பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஓய்வு கொடுத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உற்பத்தி ஏறியது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டபோதும் பெரிதாக இறங்கவில்லை. தங்களை யாரோ கவனிக்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள் என்பதே அவர்களை முடுக்கியது என்றார் அந்த ஆய்வுக்கு விளக்கம் தந்த எல்டன் மேயோ. அந்த அறையின் இன்னொரு பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை நடுவில் வெளியேற்றி வேறு இருவரை உட்கார வைத்தார்கள். அறைக்குள் வந்த பிறகு கூலிக் கணக்கும் மாறிவிட்டது. முன்பு பெரிய கும்பலின் உற்பத்தியைப் பொறுத்து வந்த கூலி, இப்போது அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்தது. அதாவது பரிவும் இருந்தது, பயமும் இருந்தது, காசும் இருந்தது. மூன்றில் எது வேலை செய்தது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள்.

1943இல் உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கினார். பசி தாகம் முதலில், பிறகு பாதுகாப்பு, பிறகு உறவும் அன்பும், அதற்குமேல் மதிப்பு, உச்சியில் தன்னால் ஆகக்கூடியதை ஆகிக்காட்டும் வேட்கை. இன்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் காட்டும் அந்த முக்கோணப் படத்தை மாஸ்லோ வரையவில்லை, பின்னால் வந்த மேலாண்மை எழுத்தாளர்கள் வரைந்தார்கள். அந்தப் படம் ஒரு தவறான எண்ணத்தை ஊன்றிவிட்டது. ஏழைக்கு வயிறு மட்டும்தான், மானமும் உறவும் வயிறு நிறைந்தவனுக்கு என்பது அது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் வாழ்ந்தவர்களை அறிந்த எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பஞ்சத்தில் மலையேறி வந்த சேலம், கோயம்புத்தூர், திருச்சி மாவட்டத்துக் குடும்பத்தினர் அரைவயிற்றோடு இருந்தபோதும் கோயில் கட்டினார்கள், மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தார்கள், சீர் செய்தார்கள், சாவு வீட்டுக்குப் பத்து மைல் நடந்தார்கள். தேவைகள் படிக்கட்டு போட்டு ஒவ்வொன்றாக வரவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக்குள் இருந்தன.

*

இந்தக் கொள்கைகள் எல்லாம் இந்தியாவுக்குள் வந்த வழிகளில் பெரிய வழி குடும்பக் கட்டுப்பாடு. அதில் சென்னை மாநிலத்துக்கு முன்னோடி இடம் உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி பின்னர் சென்னையின் தலைமைச் செயலாளரானார். அளவுக்கு மேல் பிள்ளை பெறுவதே நாட்டின் முதல் பிரச்சினை என்பதில் அவர் அசையாத நம்பிக்கை கொண்டிருந்தார். 1950களிலேயே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஆணுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இங்கே தொடங்கிவிட்டது. பிறகு ஆள் கூட்டி வருபவருக்கும் பணம் என்று ஆனது. ‘மோட்டிவேட்டர்’ என்ற ஒரு தொழிலே உருவாயிற்று. அதிகமாக ஆள் பிடிப்பவருக்கு அதிக வருமானம். மேஸ்திரிக்கு ஆள் கணக்குக்குத் தோட்டம் கொடுத்த கமிஷனும் இதே ஏற்பாடுதான்.

1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில், மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய ஒரு மாத முகாமில் 63,418 பேர் அறுவை செய்துகொண்டார்கள். பணமும் பொருளுமாகப் பரிசு கிடைத்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. கையில் உடனே காசு கொடுத்தால் மனிதன் அசைவான் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று டெல்லியில் பலரும் நினைத்தார்கள்.

அதே ஆண்டில்தான் நீலகிரித் திட்டமும் வருகிறது. அது எர்ணாகுளத்துக்கு நேர் எதிர்த் திசையில் நடந்த சோதனை. ஒரே நாளில் முடியும் அறுவைக்கு ஒரே நாளில் காசு என்பதை ரிட்கர் ஏற்கவில்லை. வறியவர் பிள்ளை பெறுவது அறியாமையால் அல்ல என்பது அவருடைய தொடக்கப் புள்ளி. வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஓர் ஆள் வேண்டும், பிறப்பதில் எத்தனை தங்கும் என்ற உறுதியும் இல்லை, ஆகவே கூடுதலாகப் பெறுகிறார்கள். அந்த நிலையில் அது அறிவுள்ள முடிவுதான். ஆகவே முதுமைக்கு வேறொரு துணையைக் காட்டினால் அவர்களே தங்கள் கணக்கை மாற்றிக்கொள்வார்கள் என்றார். மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது, இருபது ஆண்டுக்கு 1,200 ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை யோசிக்கத் தெரிந்தவளாக மதித்த திட்டம் என்ற அளவில் நான் அதை உயர்வாகவே எண்ணுகிறேன். அந்த நாளில் குடும்பக் கட்டுப்பாடு பற்றி எழுதியவர்களில் பலர் அந்த மதிப்பைக்கூடத் தரவில்லை.

தோட்ட நிர்வாகம் ஏன் இதற்குச் சம்மதித்தது? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி எல்லாம் முதலாளியின் பொறுப்பு. பேறுகாலச் சம்பளமும் அவர் தலையில்தான். சமவெளியில் ஒரு பிள்ளை பிறந்தால் செலவு அந்தக் குடும்பத்துக்கு. தோட்டத்தில் பிறந்தால் ஒரு பகுதி கம்பெனிக் கணக்கில் ஏறும். ஆக, பிறக்காத பிள்ளையால் கம்பெனிக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைத் தாய்க்குக் கொடுப்பதுதான் இந்த ஐந்து ரூபாயின் பொருளாதாரம். ரிட்கர் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதினார். தோட்டத்தைச் சோதனைக் களமாகத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான். ஒரே முதலாளி, நிலையான குடியிருப்பு, மாதச் சம்பளப் பதிவேடு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, யார் கர்ப்பம் யார் இல்லை என்று தெரிந்துகொள்ளும் வசதி எல்லாம் அங்கே இருந்தன. கடைசியாகச் சொன்ன வசதியை எழுதும்போது கை தயங்குகிறது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்தி மாதாமாதம் ஆபீஸ் பதிவேட்டில் ஏறுவதை ‘வசதி’ என்று சொல்ல நேர்ந்ததே, தோட்ட வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணக்கு முழுக்கப் பெண் பேரில். பிள்ளை வேண்டாம் என்று தீர்மானிப்பதில் புருஷன் பேச்சும் மாமியார் பேச்சும் எவ்வளவு எடுபடும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெட்டு விழுந்தால் விழுவது அவள் கணக்கில் மட்டுமே. தனியொரு மனிதன் உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்து முடிவெடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளும் கொள்கைகளின் பெரிய ஓட்டை இது. லைன் வீட்டில் எந்த முடிவும் தனியாள் முடிவு இல்லை.

இதே 1971இல் தைவானின் ஹுவாதான் வட்டாரத்தில் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே இரண்டு பிள்ளைகளுக்குள் நிறுத்திக்கொள்ளும் தம்பதிக்கு ஆண்டுதோறும் வைப்புத்தொகை. ஆனால் அந்தப் பணம் பெற்றோரின் முதுமைக்கு அல்ல, இருக்கும் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு. எந்த ஆசையின் கையைப் பிடிப்பது என்பதில் இரண்டு திட்டங்களும் பிரிந்தன. நீலகிரித் திட்டம் பயத்தைப் பிடித்தது, தைவான் திட்டம் கனவைப் பிடித்தது. என் எண்ணத்தில் தைவான்காரர்கள் தாய்மாரைச் சற்று நன்றாகப் புரிந்திருந்தார்கள். எங்கள் தோட்டங்களில் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மலைச்சரிவில் மழையில் நின்ற பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், எனக்குக் கஞ்சி என்று சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. என் பிள்ளை இந்தக் கூடையைச் சுமக்கக் கூடாது என்றே பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள்.

*

அந்த ஆண்டு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. எட்வர்ட் டெசி என்ற இளம் உளவியலாளர் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஏழு துண்டுகளைச் சேர்த்துப் பல உருவங்கள் செய்யலாம், மனத்தை இழுக்கும் விளையாட்டு. முதல் அமர்வில் யாருக்கும் பணம் இல்லை. இரண்டாம் அமர்வில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உருவம் ஒன்றுக்கு ஒரு டாலர். மூன்றாம் அமர்வில் மறுபடி யாருக்கும் இல்லை. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் ஏதோ சாக்குச் சொல்லி அவர் எட்டு நிமிடம் வெளியே போவார். மேசைமேல் பத்திரிகைகள் கிடக்கும். மாணவன் தன் போக்கில் புதிரைத் தொடுகிறானா, பத்திரிகையைப் புரட்டுகிறானா என்று மறைவிலிருந்து கவனிப்பார். பணம் வாங்கிப் பழகியவர்கள் மூன்றாம் அமர்வில் முன்பைவிடக் குறைவாகவே புதிரைத் தொட்டார்கள். காசு வந்ததும் விளையாட்டு வேலையாகிவிட்டது, காசு போனதும் வேலை செய்ய மனம் வரவில்லை.

சின்ன ஆய்வுதான், ஆனால் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. கொடுக்கும் பரிசு உள்ளிருக்கும் ஆசையை ஊட்டி வளர்க்குமா, தின்றுவிடுமா? நீலகிரித் திட்டத்தை வகுத்தவர்கள் கேட்காத கேள்வி இது. நிறைய பெண்களுக்கு அடுத்தடுத்து பிள்ளை பெறுவதில் விருப்பம் இல்லை, உடம்பு தாங்கவில்லை. அந்த விருப்பமின்மை ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதற்குத் தேவைப்பட்டது பாதுகாப்பான வழியும், கேலி செய்யாமல் பேசும் ஓர் ஆளும்தான்.

காசும் உழைப்பும் பற்றிய கேள்வியை இலை பறிக்கும் பெண்ணைவிட நெருக்கமாக அறிந்தவர் யாரும் இல்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு இருக்கும், அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. நிறுவை நேரத்தில் ஒரு தோட்டத்தில் நின்று பார்த்தால் டெய்லரும் மேயோவும் சேர்ந்து நிற்பது தெரியும். பெண்கள் வரிசையாக மூட்டையை இறக்குகிறார்கள். தராசின் கொக்கியில் மாட்டிய மூட்டை ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடுகிறார் நிறுப்பவர். சாக்குக்கு ஒரு கழிவு, இலையில் ஈரம் என்றால் இன்னொரு கழிவு. அந்தப் பெண்ணின் கண் முள்ளைத்தான் பார்க்கிறது. அடுத்து நிற்பவள் கண்ணும் அதே முள்ளில். யாருக்கு எவ்வளவு என்று வரிசை முழுக்கத் தெரியும். தனக்குக் கிடைத்ததைவிட, கழித்தது நியாயமா என்பதில்தான் பேச்சு சூடாகும். ஒரு கிலோ காசைவிட ஒரு கிலோ அநியாயம் பெரிதாக வலிக்கிறது.

ராஜ்ஸ்ரீ ஜெயராமன், தேப்ராஜ் ரே, பிரான்சிஸ் டி வெரிகூர் மூவரும் இந்தியத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பறிப்புப் பதிவேடுகளை அலசி 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. அரசு நிர்ணயித்த அடிப்படைக் கூலி ஏறியது, கிலோவுக்கான ஊக்கத்தொகை குறைந்தது அல்லது அப்படியே நின்றது. பொருளாதாரப் பாடப்படி பறிப்பு குறைய வேண்டும். மாறாக அடுத்த மாதமே 20 முதல் 80 சதவீதம்வரை ஏறியது. நிர்வாகம் தங்களை மதித்ததற்குத் தொழிலாளர் காட்டிய பதில் மரியாதை என்று கொள்ளலாம். ஆனால் அதற்கடுத்த மாதங்களில் அந்த ஏற்றம் முழுக்க இறங்கிவிட்டது. ஒரு மாதத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் உலகம் முழுக்க ஒரு புதுக்கொள்கை கிளம்பியிருக்கும். தோட்டத்துக் காலம் மாதக்கணக்கில் ஓடுவதில்லை, ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. மலையில் எந்தக் கொள்கையையும் அந்தக் காலத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

*

நீலகிரித் திட்டத்தில் பெரும்பாலான பெண்கள் சேர்ந்தார்கள். அந்தத் தோட்டங்களில் பிறப்பு குறைந்தது. 1980இல் எழுதிய மதிப்பீட்டில் ரிட்கர், திட்டம் பலன் தந்தது என்ற பக்கமே சாய்ந்தார். ஆனால் ஐந்து ரூபாய்க் கணக்கு இல்லாத தோட்டங்களிலும் அதே ஆண்டுகளில் பிறப்பு குறையத்தான் செய்தது. காரணம், அதே 1971இல் டாக்டர் சாக்கோ தொடங்கிய இன்னொரு காரியம்.

ஒருங்கிணைந்த தொழிலாளர் நலத்திட்டம் என்று அதற்குப் பெயர். குடும்பக் கட்டுப்பாட்டைத் தனியாகப் பேசிப் பயனில்லை என்பது அதன் அடிப்படை. தண்ணீர் சுத்தமாக வேண்டும், லைனுக்குக் கக்கூஸ் வேண்டும், காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு வேண்டும், தடுப்பூசி வேண்டும், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாயைப் பார்க்க வேண்டும். இவற்றோடு சேர்த்துத்தான் கருத்தடைப் பேச்சு. இதையெல்லாம் வீட்டு வாசல்வரை கொண்டுபோவது யார் என்ற கேள்விக்குத்தான் சாக்கோ கண்ட பதில் சிறப்பானது. டாக்டரும் இல்லை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. அதே லைனில் குடியிருந்து, அதே வயலில் இலை பறிக்கும் தொழிலாளிகளில் ஒருவர். ஏறக்குறைய இருபது குடும்பத்துக்கு ஒருவர். லிங்க் ஒர்க்கர் என்று அவர்களை அழைத்தார்கள்.

இந்த லிங்க் ஒர்க்கர் வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். இருபது வீட்டிலும் யாருக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, எவள் முழுகாமல் இருக்கிறாள், எவள் புருஷன் குடிக்கிறான் என்று தெரிந்தவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, பக்கத்து வாசலில் உட்கார்ந்து, “ஏக்கா, ஆஸ்பத்திரிக்கு எப்பப் போற? நானும் கூட வரேன்” என்று கேட்கக்கூடியவர். அவர் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்த பிள்ளை பிழைத்தது என்பதை லைன் முழுக்கப் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒருநாள், “ரெண்டோட நிறுத்திக்கோ, உடம்பு கெட்டுப்போகுது” என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. தோட்டத் துரை சொன்னால் வராத எடை அது, மோட்டிவேட்டர் சொன்னாலும் வராது.

பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வருவதற்கு முன்னால், அடுத்த பிள்ளை வேண்டாம் என்று எந்தத் தாயிடம் சொல்வது? ரிட்கரின் கணக்கிலேயே இது இருந்தது. எத்தனை தங்கும் என்று தெரியாததால்தான் கூடப் பெறுகிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அந்தப் பாதியை ஐந்து ரூபாயால் தொட முடியாது. சாக்கோவின் திட்டம் தொட்டது. அதனால்தான் மூன்று தோட்டங்களிலும் நடந்ததில் காசின் பங்கு எவ்வளவு, பிள்ளை பிழைத்ததன் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாமல் போயிற்று. சோதனை என்ற முறையில் அது குறைதான். மக்கள் பக்கமிருந்து பார்த்தால், இரண்டும் ஒன்றாக வந்ததே நல்லதாயிற்று.

காசைப் பொறுத்தவரை நம்பிக்கை என்பது வெறும் மனநிலை அல்ல, அதற்கொரு வரலாறு உண்டு. இதே பெண்களின் பாட்டிகள் மேஸ்திரியின் பற்றுவரவுக் கணக்கில் சிக்கியவர்கள். கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று கடைசிவரை தெரியாமலே போய்ச் சேர்ந்தவர்கள். அந்தப் பரம்பரையில் வந்தவளிடம், உன் பேரில் ஆபீஸில் பணம் சேர்கிறது, இருபது வருஷம் கழித்துத் தருவோம் என்றால், அவள் முதலில் நினைப்பது பணத்தின் அளவை அல்ல, சொல்பவன் அப்போது இருப்பானா என்பதை. தோட்டங்கள் கைமாறுகின்றன, மேனேஜர்கள் மாறுகிறார்கள். உடனே கிடைக்கும் பலனே நடத்தையை மாற்றும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் வழிவந்தவர்கள் சொல்வார்கள். பலன் தள்ளிப்போனாலும் காத்திருக்க மனிதனால் முடியும், ஆனால் கொடுத்த வாக்கு நிற்கும் இடத்தில் மட்டுமே முடியும். காத்திருத்தல் எந்த அளவு குணத்தைப் பொறுத்ததோ, அந்த அளவு பட்ட அனுபவத்தையும் பொறுத்தது.

*

ஐந்து ரூபாய்த் திட்டம் நாடு முழுக்கப் பரவவில்லை. டெல்லி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. 1974இல் புக்காரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற பொருளில் இந்தியா பேசியது. பேசியவர் சுகாதார அமைச்சர் கரண் சிங். இரண்டே ஆண்டில், நெருக்கடி நிலையின்போது, அதே அமைச்சர் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறுவைக்கு விலைப்பட்டியல் போட்டது. இரண்டு பிள்ளையோடு செய்துகொண்டால் 150 ரூபாய், மூன்று என்றால் 100, நான்கும் அதற்கு மேலும் என்றால் 70. பட்டியலோடு இலக்கும் வந்தது, இலக்கோடு வற்புறுத்தலும் வந்தது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. மாநில ஊழியருக்கு இலக்கு, ஆசிரியருக்கு இலக்கு, ஆள் பிடித்து வராதவருக்குச் சம்பள நிறுத்தம். உள்ளிருந்து எழ வேண்டிய முடிவை வெளியிலிருந்து விலைக்கு வாங்கலாம் என்று தொடங்கினால், விலை போதாதபோது கை முறுக்கத் தோன்றும். வடக்கே அந்த ஓர் ஆண்டு ஏற்படுத்திய அச்சம் சுகாதாரப் பணியாளர்களைக் கண்டாலே மக்கள் ஓடும்படி செய்தது. 1977 தேர்தலில் அதற்கான பதிலும் வந்தது.

மலையில் லிங்க் ஒர்க்கர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். சாக்கோவின் திட்டம் தென்னிந்தியத் தோட்டங்களில் லட்சக்கணக்கானவர்களைத் தொட்டது. பின்னாளில் கிராமந்தோறும் வந்த சமூக நலப் பணியாளர் என்ற ஏற்பாட்டுக்கு எத்தனையோ முன்னோடிகளைச் சொல்கிறார்கள். குன்னூரிலிருந்து கிளம்பிய இந்தப் பெண்களை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. மேலாண்மை நூல்களில் ஷ்மிட்டுக்காவது ஒரு புனைபெயர் கிடைத்தது.

குறைவாகப் பெற்ற பிள்ளைகளை அந்தத் தாய்மார் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்கள் படித்துக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் இறங்கிப் போனார்கள். இன்று நீலகிரித் தோட்டங்கள் பலவற்றில் ஆள் பற்றாக்குறை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியிருந்து இலை பறிக்கின்றன. கம்பெனி மிச்சம் பிடிக்க எண்ணிய செலவு, அடுத்த தலைமுறைத் தொழிலாளியாக வந்திருக்க வேண்டியவரையும் சேர்த்துத்தான் குறைத்தது. இதை நஷ்டமென்று தோட்ட ஆபீஸ் எழுதலாம். அந்தத் தாய்மார் அப்படி எழுத மாட்டார்கள், அவர்கள் வேண்டியதே அதுதான்.

ஐந்து ரூபாய்க் கணக்கு தொடங்கிய அதே ஆண்டுகளில், கோத்தகிரிப் பக்கமும் பந்தலூர், சேரம்பாடிப் பக்கமும் அரசாங்கம் காட்டைத் திருத்திப் புதுத் தேயிலை போட்டுக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு அங்கே வேலையும் வீடும் என்று சொல்லப்பட்டது. அவர்கள் தாமாகத் தேர்ந்து வந்தவர்களா, தள்ளப்பட்டு வந்தவர்களா என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.